குடும்பத்தோடு நடப்போம்: கரையோரக் காடு, வாவி, நீர்வீழ்ச்சி

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் நம்மவர் வீடுகளில் 'ட்ரிப்' பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். ஒரு வான் பிடிப்பார்கள். இரண்டு நாளில் ஏழெட்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். பயணத்துக்கு முதல்நாள் இரவு வீட்டுப் பெண்ணுக்கு உறக்கம் இல்லை. இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, முட்டை அவித்து, பிள்ளைகளின் உடுப்புகளை அடுக்கி முடிக்க விடிந்துவிடும். போகும் இடத்தில் எல்லோரும் இறங்கி ஓடுவார்கள். பைகளுக்கும் பால் போத்தலுக்கும் முழங்கால் வலியுள்ள மூத்தவருக்கும் காவலாக அவள் வானுக்குள் இருப்பாள். நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது என்பதைப் பிள்ளைகள் வந்து சொல்லித்தான் அறிந்துகொள்வாள்.

சகோதரிகளே, இதற்கு மாற்றாக ஒரு வழி உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம். அந்த இடத்தை வாகனத்தால் அல்ல, காலால் பார்ப்பது. வீட்டிலுள்ள எல்லோரும் நடப்பது. இதைத்தான் எங்கள் குடும்பம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இடங்களில் செய்து பார்த்தது. நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கும் ஐந்து பேர். நான், கணவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், அறுபத்து நான்கு வயதான மாமி. மலையேறிகள் அல்ல. சந்தைக்கும் பாடசாலைக்கும் நடக்கும் சாதாரண மனிதர்கள்தான்.

யாருடைய காலுக்கு ஏற்ப நடப்பது?

குடும்ப நடையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது இடத்தை அல்ல. நம்மில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்பதை. எங்கள் வீட்டில் அது மாமி. அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று முதலில் பார்த்தோம். அதன் பிறகுதான் பாதையைத் தேர்ந்தோம்.

நேரத்தைக் கணக்கிடுவதற்கு ஓர் எளிய வழி இருக்கின்றது. ஸ்கொட்லாந்து நாட்டு மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892 இல் சொன்னது அது. சமதரையில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேல், ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். இது திடகாத்திரமான பெரியவர்களுக்கான கணக்கு. சிறு பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து வரும்போது வருகின்ற விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்பது கிலோமீற்றர் என்றால் நான்கு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. விரட்டாத நடையில்தான் பிள்ளை பூவைப் பார்க்கும். முதியவர் மூச்சு வாங்கி நிற்பார். தாயும் தலையை நிமிர்த்தி நாலா பக்கமும் பார்ப்பாள்.

இன்னொரு விதியும் போட்டுக்கொண்டோம். ஒருவரால் முடியாமல் போனால் அவரோடு யாராவது ஒருவர் நின்றுகொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒருவர் எப்போதும் வீட்டுப் பெண்ணாகவே இருக்கக் கூடாது. இவர் இதற்குத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். மாமிதான் சிரித்தார். "பிள்ளை, நான் வானுக்குள்ளேயே இருந்து கொள்ளுவன். நீங்கள் போய் வாங்கோ" என்றார். அப்படி இருத்துவதற்காக நாங்கள் புறப்படவில்லை என்று சொன்னேன்.

முதல் நடை: கடலோரத்துக் காடு

சிறிய நடையோடு தொடங்குவது நல்லது. கரையோரப் புகையிரதத்தில் காலிக்குச் சென்று அங்கிருந்து முச்சக்கர வண்டியில் ருமஸ்சலைக்குப் போனோம். காலித் துறைமுகத்துக்கும் உனவட்டுனைக் கடற்கரைக்கும் இடையே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று அது. அனுமான் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது அதிலிருந்து ஒரு துண்டு இங்கே விழுந்தது என்று அவ்வூரார் சொல்வார்கள். உனவட்டுன என்ற பெயரே 'விழுந்தது' என்ற பொருளில் வந்ததாம். மூலிகைகள் நிறைந்த குன்று என்ற பெயரும் அதற்கு உண்டு. மாமி இக்கதையை மகனுக்குச் சொல்லிக்கொண்டே நடந்ததில் ஏற்றம் இருவருக்கும் தெரியவில்லை.

மேலே ஜப்பானிய பௌத்தத் துறவிகள் அமைத்த வெண்ணிறச் சமாதானத் தூபி நிற்கின்றது. அங்கிருந்து பார்த்தால் குடாவுக்கு அப்பால் காலிக் கோட்டையின் மதில் தெரியும். அங்கிருந்து காட்டு வழியே கீழிறங்கினால் மரங்கள் சூழ்ந்த சிறு கடற்கரை ஒன்று வரும். பதினைந்து இருபது நிமிட நடைதான். மர வேர்கள் குறுக்கே ஓடுவதால் இறங்கும்போது கவனம் தேவை.

கடலோரத்துக் காட்டின் மரங்கள் உள்நாட்டு மரங்களைப் போல இரா. உப்புக் காற்றைத் தாங்குவதற்காகப் பல செடிகளின் இலைகள் தடித்திருக்கும். தாழை தன் விழுதுகளை ஊன்றி மணலைப் பிடித்து வைத்திருக்கும். இந்த வேர்கள் இல்லாவிட்டால் கரை அலையோடு போய்விடும். பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் விளங்காதது இங்கே ஒரு வேரைத் தொட்டவுடன் விளங்கியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் உனவட்டுன பட்ட துயரத்தையும் அங்கேயே சொல்லிக் கொடுத்தோம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், அல்லது நிலம் பலமாக அதிர்ந்தால், பொருட்களை எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓட வேண்டும். கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது.

தென்கரைக்குப் போவதாயின் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலம் ஏற்றது. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றினால் அப்பக்கத்துக் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

காலி தூரம் என்று நினைக்கும் வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்கும் இடங்கள் உண்டு. வடமராட்சியில் மணற்காட்டு மணல் மேடுகளும் சவுக்கு மரங்களும் இருக்கின்றன. திருகோணமலையில் பிரட்றிக் கோட்டையின் மர நிழலில் புள்ளிமான்களைப் பார்த்தபடியே கடல் முகப்புவரை நடக்கலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். போர் நடந்த பிரதேசங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஊரார் போகாத பற்றைக்குள்ளும் கால் வைக்காதீர்கள். பிள்ளை கையில் கிடைத்த இரும்புப் பொருளைத் தூக்கிக்கொண்டு வரவும் விடாதீர்கள்.

இரண்டாவது நடை: வாவியும் அதன் பின்னால் உள்ள காடும்

அடுத்த விடுமுறைக்குக் கண்டிக்குப் போனோம். தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வாவியைக் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைப்பித்தான். அதனைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். மேடு பள்ளம் இல்லை, நிழல் உண்டு, இருந்து இளைப்பாறவும் இடம் உண்டு. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல நடைபாதை கிடைப்பது அரிது. மாமி இரண்டு முறை மட்டும் இருந்து எழும்பி முழுச் சுற்றையும் நடந்து முடித்தார். "இவ்வளவு தூரம் நடந்து எத்தினை வருசம்" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

மாளிகைக்குப் பின்னால் உயர்ந்து நிற்பது உடவத்தகெலே காடு. நகரத்தின் நடுவே 104 ஹெக்டயர் பரப்புடைய காடு. 1856 இல் ஒதுக்குக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. உள்ளே அரச குடும்பத்தினர் நீராடியதாகச் சொல்லப்படும் குளம் ஒன்று இருக்கின்றது. மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்த இராட்சதக் கொடியொன்றையும் காணலாம். அதன் தண்டு ஒரு மரத்தின் தடிப்பு இருக்கும்.

இக்காட்டின் பாதைகளுக்குள்ள பெயர்கள் நம் போன்ற வாசகியருக்கு ஆர்வமூட்டும். லேடி ஹோட்டன் பாதை, லேடி டொரிங்டன் பாதை, லேடி கோர்டன் பாதை, லேடி அன்டர்சன் பாதை என்று பிரித்தானிய ஆளுநர்களின் மனைவியரின் பெயர்களே வரிசையாக வருகின்றன. லேடி ஹோட்டன் என்பவர் 1831 முதல் 1837 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் மனைவி. இளம் வயதில் அவரை ஒரு விருந்தில் கண்ட பின்னரே ஆங்கிலக் கவிஞர் பைரன் 1814 இல் தமது புகழ்பெற்ற கவிதை ஒன்றை எழுதினார். கணவருடைய பெயர் ஹோட்டன் சமவெளிக்கு வைக்கப்பட்டது. மனைவியின் பெயர் இந்த நடைபாதையில் நிலைத்தது. ஓய்வாக நடப்பதற்கென்று பெண்களுக்குப் பாதை வேண்டும் என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நினைத்திருக்கிறார்கள். ஆனால் ஆளுநர் மாளிகைப் பெண்களுக்கு மட்டுந்தான் நினைத்தார்கள். இன்று நுழைவுச் சீட்டு எடுத்த எவரும் அதில் நடக்கலாம்.

உடவத்தகெலேயில் மழைக்குப் பின் அட்டைகள் அதிகம். பயப்படத் தேவையில்லை. காலுறைக்குள் காற்சட்டையின் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். சப்பாத்திலும் காலுறையிலும் சவர்க்காரத்தைப் பூசினால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். அட்டையின் மெல்லிய வாய்ப்பக்கத்தின் அடியில் நகத்தை வைத்து மெதுவாகத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் சிறிது நேரம் இரத்தம் கசியும். சவர்க்காரத்தால் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். குரங்குகள் இருக்கும் இடத்தில் உணவை வெளியே எடுக்கவும் வேண்டாம்.

மூன்றாவது நடை: மேட்டுநிலமும் நீர்வீழ்ச்சியும்

இரண்டு நடைகளில் பழகிய பிறகுதான் ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயரமான இம்மேட்டுநிலம் 1988 இல் தேசிய பூங்கா ஆனது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. நம் நாட்டின் பெரும்பாலான தேசிய பூங்காக்களில் வாகனத்தை விட்டு இறங்க முடியாது. இங்கேயோ நடந்துதான் பார்க்க வேண்டும். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர்.

முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்கினோம். அங்கிருந்து 32 கிலோமீற்றர். விடியற்காலையிலேயே நுழைவாயிலில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏறக் கீழே உள்ள பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரை ஒட்டி மேலெழும். மேலே வந்ததும் குளிர்ந்து பனிமூட்டமாகிவிடும். காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பார்கள். எனவே 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தை முதலில் பார்த்துவிட்டு நீர்வீழ்ச்சிக்குப் பிறகு வருவதே நல்லது.

நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் இடியப்பத்தை வாழையிலையில் கட்டித் துணியால் சுற்றியிருந்ததால் எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. மரைகள் புல் மேய்ந்துகொண்டு நின்றன. இவற்றுக்கு உணவு கொடுப்பது அன்பு அல்ல. மனிதர் தரும் உணவும் அதனோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் பொலித்தீனும் அவற்றைக் கொல்லும்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் மாமி நின்றுவிட்டார். உயரமான இடத்தில் காற்று மெலிவாக இருப்பதால் மூச்சு வாங்குகிறது என்றார். இவர் தம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அம்மாவோடு மெல்லத் திரும்பி நடக்கிறன். நீ பிள்ளைகளோடு போ" என்றார். அவர்கள் இருவரும் புல்வெளியோரம் மரைகளைப் பார்த்தபடி திரும்ப நடந்தார்கள். நான் பிள்ளைகளோடு முன்னே போனேன். நாங்கள் போட்டுக்கொண்ட விதி அன்றைக்குத்தான் வேலை செய்தது.

வழியெங்கும் முகிற்காடு. குளிரும் காற்றும் வளர விடாததால் மரங்கள் குட்டையாகவும் கோணலாகவும் நிற்கின்றன. கிளைகளில் தாடி போலப் பாசி தொங்குகின்றது. இந்தப் பாசியும் இலைகளும் பனிமூட்டத்திலிருந்து நீரை வடித்தெடுத்து நிலத்துக்குக் கொடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகின்றது. கொழும்பில் நாம் குழாயைத் திறக்கும்போது வரும் களனி நீரிலும், திருகோணமலைப் பக்கத்தில் கடலைச் சேரும் மகாவலி நீரிலும் இந்தக் காட்டின் பங்கு இருக்கின்றது. இதைச் சொன்னதும் மகள் ஒரு பாசிக் கொத்தைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, பஞ்சு மாதிரி தண்ணி நிறைய இருக்கு" என்றாள்.

உலக முடிவில் நிலம் திடீரென்று அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே போகின்றது. கீழே தேயிலைத் தோட்டங்களும் தொலைவில் தென்பகுதிச் சமநிலமும் தெரிந்தன. பிள்ளைகளின் கையை ஒரு கணமும் விடவில்லை. விளிம்பில் நின்று படம் எடுப்பதையும் அனுமதிக்கவில்லை. அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு வந்தோம். பெலிஹுல் ஓயா 20 மீற்றர் உயரத்திலிருந்து பாறைமேல் விரிந்து விழும் இடம் அது. மரை வேட்டையில் பெயர் பெற்ற சேர் சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. அவர் வேட்டையாடிய இடத்தில் இன்று மரைகள் மனிதருக்குப் பயப்படாமல் மேய்கின்றன என்பது நல்ல மாற்றம். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழி செங்குத்தானது, வழுக்கக்கூடியது. அங்கே குளிக்கத் தடை. நாங்கள் எட்ட நின்று பார்த்தோம். முழுச் சுற்றுக்கும் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பிடித்தது.

ஏறி இறங்குவதே வேலையானவர்கள்

அன்று மாலை நுவரெலியாவுக்கு அண்மையில் தேயிலைத் தோட்டம் ஒன்றின் அருகே தேநீர் குடிக்க நின்றோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்ணொருவர் எங்கள் சப்பாத்துச் சேற்றைப் பார்த்து எங்கே போய் வருகிறோம் என்று விசாரித்தார். சொன்னோம். "எங்களுக்கு ஏறி எறங்குறதே பொழப்பு. நீங்க காசு குடுத்து ஏறுறீங்க" என்று சிரித்தார். பிறகு, "இந்தா பக்கத்துலதான் இருக்கு. நான் ஒரு நாளும் உள்ள போனதில்ல" என்றார்.

அந்தச் சொல் எனக்கு நெடுநாள் மனதில் நின்றது. மலையகப் பெண்களின் முன்னோர் 1823 முதல் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். இதை நினைவுகூர்ந்து 2023 இல், இருநூறாவது ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஆகவே இந்த மலைகளை மிக அதிகமாக நடந்தவர்கள் நம் பெண்கள்தான். ஆனால் அவர்கள் நடந்ததெல்லாம் சுமையோடு. கூடை இல்லாமல், மேற்பார்வை இல்லாமல், தமக்காக நடக்கும் ஒரு காலைப் பொழுது அவர்களுக்கும் உரியது. மாதர் சங்கங்களும் பாடசாலைகளும் மனம் வைத்தால், அருகிலிருக்கும் தோட்டத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு நாள் அழைத்துச் செல்வது பெரிய செலவான காரியம் அல்ல. உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கானதை விட மிகக் குறைவு.

நீர் அழகு, நீரே ஆபத்து

நீர்வீழ்ச்சிகளிலும் ஆறுகளிலும் உயிரிழந்தோர் செய்தி விடுமுறைக் காலங்களில் பத்திரிகைகளில் வராத வருடமில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் இறக்கிறார்கள். இதன் காரணத்தை அறிந்துகொண்டால் தப்பலாம்.

விழும் நீர் கீழே குடைந்து ஆழமான கிடங்கை உண்டாக்கியிருக்கும். மேலே அமைதியாகத் தோன்றும். உள்ளே நீர் சுழன்று கீழே இழுக்கும். மலைநீரின் குளிரில் திடீரென இறங்கினால் மூச்சுத் திணறும், கை கால் விறைக்கும். பாசி படிந்த பாறை சவர்க்காரம் போல வழுக்கும். இவை போதாதென்று, நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். அந்த வெள்ளம் சில நிமிடங்களில் வந்துவிடும்.

நீர் கலங்கி மண்ணிறமாக மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், நீரின் இரைச்சல் கூடினால், யோசிக்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். குளிக்கத் தடை என்று பலகை இருந்தால், 'கொஞ்ச நேரந்தானே' என்று சொல்லும் ஆண்களுக்கும் நீங்கள்தான் மறுப்புச் சொல்ல வேண்டும். ஒருவர் நீரில் அகப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். நீளமான துணி, தடி, கயிறு, வெறும் போத்தல்கள் கட்டிய பை எதையாவது எறிந்து இழுங்கள். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து இறந்த குடும்பங்கள் பல.

நடக்க இயலாதவர்கள் நீர்வீழ்ச்சியைப் பார்க்கவே முடியாது என்றில்லை. அட்டன், தலவாக்கலைப் பாதையில் 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சியை வீதியோரத்தில் இருந்தே பார்க்கலாம். மாமிக்காக நாங்கள் திரும்பும்போது அவ்வழியால் வந்தோம்.

மலையகத்துக்குப் போகுமுன் காலநிலை அறிவித்தலைக் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மழையாலும் மண்சரிவுகளாலும் பல நூறு உயிர்கள் போயின. வீதிகளும் புகையிரதப் பாதையும் சேதமடைந்தன. எனவே பாதை திறந்திருக்கிறதா என்று அன்றன்று விசாரித்தே புறப்பட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் பிரதேசத்துக்குப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இலவச அம்புலன்ஸ் சேவை 1990. பொலிஸ் அவசர இலக்கம் 119. இம்மூன்றையும் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.

பைக்குள் என்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய பை. அவரவர் தண்ணீரையும் மேற்சட்டையையும் அவரவரே சுமக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையாலும் அரை லீற்றர் தண்ணீரைச் சுமக்க முடியும். எல்லாவற்றையும் தாயின் தோளில் போட்டால் அது நடை அல்ல, சுமை.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். பாண், வாழைப்பழம், அவித்த கடலை, கச்சான், எள்ளுருண்டை போதும். முதல்நாள் இரவு வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து கட்டினால் அரை மணித்தியால வேலை. வெறும் பை ஒன்றும் கொண்டு போய் நம் குப்பையை நாமே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இறப்பர் செருப்பு வழுக்கும். பழையதாயினும் அடியில் பிடிப்புள்ள சப்பாத்து நல்லது. புதுச் சப்பாத்தை அன்றைக்கே முதன்முதலாகப் போட வேண்டாம். மலையில் காலையில் கடுங்குளிர், பத்து மணிக்குச் சுடுவெயில். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடுப்பே வசதி. சேலையைவிடச் சல்வார் நடப்பதற்கு இலகு. தொப்பி, மழையங்கி, காயத்துக்குக் கட்டும் துணி, உப்பும் சீனியும் கலந்து குடிக்கும் ஜீவனிப் பக்கெற்று, முதியவர்களின் மருந்து என்பன கட்டாயம் வேண்டும்.

பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலசலகூடம் இருக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நடப்பவர்கள் நம்மில் அதிகம். அது தலைச்சுற்றலையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். புறப்படும் இடத்தில் போய்விட்டு, வழியில் சிறிது சிறிதாகக் குடியுங்கள். காட்டுப் பாதையில் மலசலகூடத்தை நம்பியிருக்க முடியாது என்பதால் நடையின் நீளத்தை அதற்கேற்பத் தெரிவு செய்யுங்கள். மாதவிடாய் நாளாயினும் உடம்பு இடங்கொடுத்தால் நடக்கலாம். மாற்றுத் துணியையும், பாவித்ததைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவரக் கடதாசிப் பையையும் வைத்துக்கொண்டால் போதும்.

சகோதரிகளே, வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் சுறுசுறுப்பாக உடலை அசைக்க வேண்டும் என்றும், பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் அசைய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. சமையலறைக்குள் நாம் நாள் முழுக்க நிற்கிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். நிற்பது வேறு, கைவீசி நடப்பது வேறு. அதிலும் மனதுக்குப் பிடித்த இடத்தில், பிள்ளைகளின் கையைப் பிடித்து, அவசரம் இல்லாமல் நடப்பது முற்றிலும் வேறு.

தொலைதூரம் போகக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் குளக்கட்டு இருக்கின்றது. களப்போரத்துக் கண்டற்காடு இருக்கின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, அரைக் கிலோமீற்றர் மட்டும், வீட்டில் எல்லோருமாகப் போய் வாருங்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சத் தூரம் கூட்டுங்கள். இப்போது எங்கள் வீட்டில் அடுத்த நடையைத் தெரிவு செய்கிறவர் மாமி. தூரத்தைக் கேட்டறிந்து, தம் முழங்காலோடு ஆலோசித்து, அவரே நாள் குறிக்கிறார்.